இரண்டு நாளில் ஒரு பெருநகரம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

போன முறை ஒரு பெரிய நகரத்துக்கு 19 இடங்களை எழுதி எடுத்துக்கொண்டு போனதாகவும், ஓட்டமும் நடையுமாகச் சுற்றியும் ஏழைத்தான் பார்க்க முடிந்தது என்றும், அந்த ஏழும் இப்போது ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த மாதம் இன்னொரு நகரம், மறுபடியும் இரண்டே நாள், கூடவே முழங்கால் வலியுள்ள 66 வயது அம்மாவும் 10 வயது மகனும். எப்படித் திட்டமிட்டால் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்பது உங்கள் கேள்வி. ஊர் பெயரைச் சொல்லவில்லை. அதனால் எந்த ஊருக்கும் பொருந்துகிற மாதிரியே சொல்கிறேன். உதாரணத்துக்கு அங்கங்கே சில ஊர்கள் வந்துபோகும்.

எல்லாவற்றையும் பார்க்க முடியாது. இதை மனசு ஒப்புக்கொண்டால் மீதி சுலபம். ஒப்புக்கொள்ள வைக்க ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

சனிக்கிழமை காலை 9 மணிக்கு விமானம் இறங்குகிறது என்று வையுங்கள். குடிநுழைவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது, நகரத்துக்குள் போகும் ரயில், தங்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எல்லாம் முடிந்து, முகம் கழுவி வெளியே வரும்போது மணி ஒன்று. ஞாயிறு இரவு திரும்பும் விமானம் என்றால் மாலை 6 மணிக்கே பெட்டியோடு கிளம்ப வேண்டும். ஆக சனிக்கிழமை எட்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை பத்து மணி நேரம், மொத்தம் பதினெட்டு. அதில் சாப்பாட்டுக்கு நான்கு மணி நேரம் போகும். இடம் விட்டு இடம் போக மூன்று. வரிசை, கழிப்பறை, வழி தப்பித் திரும்பி வருவது, அம்மா கொஞ்சம் உட்கார்ந்து எழுவது என்று இன்னொரு இரண்டரை. கையில் மிஞ்சுவது எட்டரை மணி நேரம். அதை 19 இடங்களுக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு அரை மணிகூட வராது. அரை மணியில் ஓர் அரண்மனையைப் பார்க்க முடியாது, அதன் பாதுகாப்புச் சோதனை வரிசையைத்தான் பார்க்க முடியும்.

இனி இந்த எட்டரை மணி நேரத்தை உங்கள் கையிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த முடிவு எடுத்தாலும் அது இந்தக் கையிருப்பைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதலில் விமான நிலையம். டோக்கியோவின் நரிடா நிலையம் நகர மையத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கும் மேல். அதே ஊரின் ஹனேடா அதில் கால்வாசி தூரம்தான். பல பெருநகரங்களில் இப்படி இரண்டு மூன்று நிலையங்கள் உண்டு. டிக்கெட் கொஞ்சம் மலிவு என்று தள்ளியிருக்கும் நிலையத்தில் இறங்கினால், போக வர இரண்டு மூன்று மணி நேரத்தை அங்கேயே விட்டுவிடுகிறீர்கள். ஒரு வாரம் தங்குபவருக்கு அது லாபமாக இருக்கலாம், இரண்டு நாள்காரருக்கு நிச்சயம் நஷ்டம். தங்கும் இடத்துக்கும் இதே கணக்குதான். ஊருக்கு வெளியே பெரிய அறையைவிட, ஊருக்கு நடுவே நடந்தே நாலு இடம் போகிற தூரத்தில் இருக்கும் சின்ன அறை மேல். மதியம் ஒரு மணி நேரம் போய்ப் படுத்துவிட்டு வர முடியும் என்பது அம்மாவுக்கும் மகனுக்கும் எவ்வளவு பெரிய வசதி என்று போனால்தான் தெரியும்.

அப்புறம் வெளிச்சம். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. லண்டனில் டிசம்பர் மாதம் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். அதே ஊர், அதே இரண்டு நாள், ஆனால் வெளியில் பார்க்க வேண்டியவற்றுக்குக் கிடைக்கிற நேரம் பாதிக்குப் பாதி. குளிர்காலப் பயணம் என்றால் பூங்கா, பாலம், சதுக்கம் எல்லாவற்றையும் பகலில் முடித்துக்கொண்டு அருங்காட்சியகத்தை மாலைக்குத் தள்ளுங்கள். கோடை என்றால் அப்படியே தலைகீழ்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். பட்டியல் போடுவது தப்பில்லை, வரிசையாகத் தாளில் எழுதுவதுதான் தப்பு. பாரிஸுக்கு ஈஃபிள் கோபுரத்துக்கு அடுத்த வரியில் மோன்மார்த்ர் குன்றின் தேவாலயம் என்று எழுதினால் இரண்டும் பக்கத்து வீடு மாதிரித் தோன்றும். உண்மையில் ஒன்று நகரத்தின் தென்மேற்கில், இன்னொன்று வடக்குக் கோடியில். அதனால் 19 பெயரையும் கைபேசி வரைபடத்தில் புள்ளிகளாகக் குறியுங்கள். பத்து நிமிட வேலை. குறித்து முடித்ததும் ஒன்று கண்ணுக்குத் தெரியும்: புள்ளிகள் சீராகப் பரவியிருக்காது. இரண்டு மூன்று இடங்களில் கொத்துக் கொத்தாக இருக்கும், மீதி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும்.

இஸ்தான்புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாகியா சோஃபியா, நீல மசூதி, தரைக்கடியில் தூண்கள் வரிசையாக நிற்கும் பழைய நீர்த்தொட்டி, தோப்காப்பி அரண்மனை எல்லாம் ஒரே பேட்டையில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பத்து நிமிட நடைக்குள். ரோமில் பாந்தியன் என்ற பழங்காலக் கோயில், நவோனா சதுக்கம், ட்ரெவி நீரூற்று மூன்றும் ஒரு நடையில் முடிந்துவிடும். இந்தக் கொத்துகள்தான் உங்கள் பயணம். அரை நாளுக்கு ஒரு கொத்து. தனியாகத் தள்ளிக் கிடக்கும் புள்ளிகளை அடித்துவிடுங்கள். அதில் மிகப் பிரபலமான பெயர் ஒன்று இருந்தாலும் பரவாயில்லை. அதற்காகவே போகிறீர்கள் என்றால் மட்டும் அதை வைத்துக்கொண்டு, வேறொரு கொத்தையே முழுதாக விடுங்கள். இரண்டையும் பிடிக்கப் பார்த்தால் இரண்டு நாளும் ரயிலுக்குள் போகும்.

ரயில் என்றதும் ஒரு எச்சரிக்கை. சுரங்க ரயில் வரைபடத்தை நம்பித் தூரத்தை அளக்காதீர்கள். லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் என்பவர் வரைந்து 1933இல் வெளிவந்த வரைபடம்தான் இன்று உலகம் முழுக்கப் பார்க்கிற இந்த வகை வரைபடங்களுக்கு முன்மாதிரி. மின்சுற்றுப் படம் மாதிரி நேர்கோடுகளும் சாய்கோடுகளும். எந்த நிலையத்துக்கு அடுத்து எது என்று தெளிவாகத் தெரியும், எவ்வளவு தூரம் என்பது தெரியவே தெரியாது. அந்த வரைபடத்தில் லெஸ்டர் ஸ்கொயரும் கோவென்ட் கார்டனும் மற்ற நிலையங்களைப் போலவே இடைவெளி விட்டு நிற்கும். உண்மையில் இரண்டுக்கும் நடுவே சுமார் 260 மீட்டர்தான். கோவென்ட் கார்டன் நிலையம் ஆழமானது, மேலே வர லிஃப்ட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும்; லிஃப்ட் வேண்டாம் என்றால் 193 படி. இறங்கி, காத்திருந்து, ஏறி, மறுபடி மேலே வருவதற்குள் சாவகாசமாகக் கடை பார்த்துக்கொண்டே நடந்து போய்விடலாம். பொதுவாக ஒரே ஒரு நிலையம், அல்லது இரண்டு நிலையம் என்றால் நடக்கிற தூரத்தை வரைபடத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு இறங்குங்கள். ரயில் மாறுவதையும் குறைத்து எடை போடாதீர்கள். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்துக்கு 200க்கும் மேற்பட்ட வாசல்கள். தப்பான வாசலில் வெளியே வந்தால் நீங்கள் போக வேண்டிய இடம் நிலையத்தின் மறுபக்கம் இருக்கும், அதற்கே கால் மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும்.

அம்மாவின் முழங்காலுக்கும் இதுதான் முக்கியம். பழைய நகரங்களின் சுரங்க ரயில் படிக்கட்டு மயம். பாரிஸ் மெட்ரோ 1900இல் தொடங்கியது. பெரும்பாலான பழைய நிலையங்களில் தெருவிலிருந்து நடைமேடைக்கு லிஃப்ட் கிடையாது. அங்கெல்லாம் பேருந்துதான் கைகொடுக்கும். நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் படி இல்லை, ஜன்னல் உண்டு. உட்கார்ந்தபடியே ஊரைப் பார்த்ததாகவும் ஆயிற்று. பெர்லினில் 100ஆம் எண் பேருந்து சாதாரண நகரப் பேருந்துதான். விலங்குக் காட்சிசாலையிலிருந்து அலெக்சாண்டர் சதுக்கம் வரை போகிற வழியில் நாடாளுமன்றக் கட்டடம் உட்பட ஊரின் முக்கால்வாசி முக்கிய இடங்களைக் காட்டிவிடும். நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் படகுக்குக் கட்டணமே இல்லை. சுமார் 25 நிமிடப் பயணத்தில் சுதந்திர தேவி சிலை ஒரு பக்கம், மன்ஹாட்டன் கட்டட வரிசை இன்னொரு பக்கம். இஸ்தான்புல்லில் எமினோனு துறையிலிருந்து காடிகோய்க்குப் படகு ஏறினால் இருபது நிமிடத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வந்துவிடலாம். வேலைக்குப் போகிறவர்கள் தினமும் போய்வரும் படகு அது. எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு பேருந்தோ டிராமோ படகோ இருக்கும். கிளம்பும் முன்பே கண்டுபிடித்து வையுங்கள். கால் வலிக்கிற மதியத்துக்கு அதுதான் மருந்து.

சுற்றுலாக்காரர்களுக்கென்றே ஓடும் மேல்மாடிப் பேருந்தைப் பற்றிக் கேட்பீர்கள். ஏறி இறங்கிக்கொள்ளலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும்போதுதான் தெரியும். என்னைக் கேட்டால், வந்து இறங்கிய அன்று தூக்கக் கலக்கத்தில், இறங்காமலே ஒரு முழுச் சுற்று போய்வருவதற்கு மட்டும் அது உபயோகம்.

நகரச் சுற்றுலா அட்டை என்று ஒன்று விற்பார்கள்; ஒரே அட்டையில் முப்பது இடம் நுழையலாம். அதை வாங்கியதுமே நமக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை எழுந்துகொள்வார். காசு கட்டியாகிவிட்டது, இன்னும் இரண்டு இடமாவது பார்த்தால்தான் கட்டுப்படியாகும் என்று விரட்டுவார். நீங்கள் எப்படியும் போகப்போகிற இடங்களின் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்து, அட்டை அதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். இரண்டு கொத்து, இரண்டு பெரிய கட்டடம் என்று போகிறவருக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

அடுத்தது கிழமை. போன பிறகு பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர், நானும் அதில் ஒருவன். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அதே பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் ஊருக்கு வெளியே வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. தாஜ்மகால் வெள்ளி, தோப்காப்பி அரண்மனை செவ்வாய், பெய்ஜிங்கின் பழைய அரண்மனை திங்கள். வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமைகளில் கிடையாது. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள், அன்று இலவசம், அதனாலேயே கூட்டம் தாங்காது. ஒன்று மூடியிருக்கிற நாளில் அந்தக் கூட்டம் முழுக்கத் திறந்திருக்கிற இன்னொன்றுக்குப் போகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை ஓர்சே நெரிவது அதனால்தான். கடைசி அனுமதி நேரமும் மூடும் நேரமும் வேறு வேறு, பெரும்பாலும் முக்கால் மணியோ ஒரு மணியோ முன்னதாகவே வாசலை அடைத்துவிடுவார்கள்.

இதன் நல்ல பக்கமும் உண்டு. பல அருங்காட்சியகங்கள் வாரத்தில் ஓரிரு நாள் இரவு வரை திறந்திருக்கும். லூவ்ர் புதன், வெள்ளி இரவு 9 வரை. பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளி இரவு 8.30 வரை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் வெள்ளியும் சனியும் 9 வரை. மற்றவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குக் கலைந்துபோன பிறகு உள்ளே நிற்பது தனி சுகம். உங்கள் கையிருப்பில் இரண்டு மணி நேரம் புதிதாகச் சேர்ந்த மாதிரி.

முன்பதிவு இல்லாமல் நுழையவே முடியாத இடங்கள் இப்போது நிறைய. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு இணையத்தில் மட்டும்தான் டிக்கெட். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரம் கழித்து வரும் நாள்களுக்கு விடுவார்கள். மிலானில் லியோனார்டோவின் ‘கடைசி இராவுணவு’ சுவரோவியத்தைச் சிறு குழுவாக, 15 நிமிடம் மட்டுமே பார்க்க விடுவார்கள். ஸ்பெயினின் கிரனாடா ஊரில் அல்ஹாம்ப்ரா என்ற பழைய கோட்டைக்குள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைப் பகுதிக்கு உங்கள் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கே போயாக வேண்டும். ஆகவே அடுத்த மாதம் பயணம் என்றால் இன்றே உட்கார்ந்து பாருங்கள்.

ஆனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு நேரம் குறித்த டிக்கெட் போதும். அதைச் சுவரில் அடித்த ஆணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணி ஒன்று இருந்தால் அன்றைய நாள் முழுவதும் அதில் தொங்கும். மூன்று ஆணி அடித்தால் மகனுக்கு ஒரு சாக்கடை மூடி பிடித்துப்போய் நின்றால்கூட, வா வா நேரமாகிறது என்று இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். அந்த ஒரு ஆணியைக் காலையில், கதவு திறக்கிற நேரத்துக்கு அடியுங்கள். கூட்டமும் குறைவு, கால்களும் புதிது. சில இடங்களில் மட்டும் விதிவிலக்கு உண்டு. பார்சிலோனாவின் சக்ரதா ஃபமீலியா தேவாலயத்தில் கிழக்குப் பக்க ஜன்னல் கண்ணாடிகள் நீலமும் பச்சையும், மேற்குப் பக்கம் சிவப்பும் ஆரஞ்சும். காலையில் போனால் உள்ளே ஒரு நிறம், சாயங்காலம் போனால் வேறு நிறம். அந்த மாதிரி இடத்தில் எந்த நிறம் வேண்டுமோ அதற்கேற்ற நேரத்தை எடுங்கள்.

உள்ளே போன பிறகு எப்படிப் பார்ப்பது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு நாள் பயணங்கள் பெரும்பாலும் குப்புற விழுவது அருங்காட்சியகத்துக்குள்தான்.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இல் ‘அருங்காட்சியகச் சோர்வு’ என்று இதற்கு ஒரு பெயரே வைத்து எழுதினார். ஒரு மனிதரைக் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் பொருள்களைப் பார்க்கச் சொல்லி, அவர் குனிந்து, மண்டியிட்டு, கழுத்தை வளைத்துப் படுகிற பாட்டை அப்படியே படம் எடுத்துப் போட்டார். மனசு களைப்பதற்கு முன்பே உடம்பு களைத்துவிடுகிறது என்பது அவர் வாதம். நூறு வருடம் ஆகியும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் கண் சுவரில் இருக்கும், மனசு நாற்காலியைத் தேடும். அதனால் உள்ளே நுழையும் முன்பே மூன்றே மூன்று பொருளைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் ஒன்று, அம்மா ஒன்று, மகன் ஒன்று. மூன்றையும் பார்த்தாயிற்றா, பக்கத்தில் கண்ணில் பட்டதைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்துவிடுங்கள்.

நான் முதன்முறை பாரிஸில் ஒரே நாள் நின்றபோது ஆறு இடம் பார்த்தேன். இன்றைக்கு யோசித்தால் படிக்கட்டுகள்தான் ஞாபகம் வருகின்றன, அப்புறம் ஒரே ஓர் ஓவியம். லூவ்ருக்குள் எல்லோரையும் போல மோனாலிசாவைத் தேடித்தான் போனேன். 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம், கண்ணாடிக்குப் பின்னால். முன்னால் கைகளும் கைபேசிகளும். முண்டியடித்து முன்னே போய் அரை நிமிடம் பார்த்திருப்பேன். பின்னாலிருந்து தள்ளினார்கள், ஓரமாக ஒதுங்கித் திரும்பினேன். எதிர்ச் சுவர் முழுக்க ஒரே ஓவியம். ஏறக்குறைய பத்து மீட்டர் அகலம். கானா ஊர்த் திருமண விருந்தில் இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கதையை வெனிஸ் நகரத்து ஆடம்பரத்தோடு வெரோனேசே தீட்டியது. 1563இல் ஒரு மடத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்காக முடித்ததை 1797இல் நெப்போலியனின் படை பெயர்த்து எடுத்துவந்தது. அந்த அருங்காட்சியகத்திலேயே பெரிய ஓவியம் அதுதான், ஆனால் அறையில் இருந்த அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

கால் வலித்ததால் நின்றேன் என்பதுதான் உண்மை. நின்றதும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. நடுவில் இசைக் கலைஞர்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு நாய்கள். வலது பக்கம் ஜாடியைப் பிராண்டி விளையாடும் ஒரு பூனை. இயேசுவின் தலைக்கு நேர் மேலே மாடத்தில் ஒருவர் இறைச்சி வெட்டிக்கொண்டிருக்கிறார், கீழே கல்யாணமே நடப்பது தெரியாத மாதிரி. இருபது நிமிடம் போனது தெரியவில்லை. அன்று பார்த்த மற்ற ஐந்து இடங்களையும் திட்டமிட்டுப் பார்த்தேன். இதை மட்டும் நேரம் இருந்ததால் பார்த்தேன்.

படம் எடுப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படம் எடுத்தவர்களுக்கு அவற்றைப் பற்றிய ஞாபகம், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை. முழு ஓவியத்தின் படம் இணையத்தில் உங்களுடையதைவிட நன்றாகவே கிடைக்கும். நீங்கள் அந்தப் பூனையை எடுங்கள்.

உயரமான இடத்துக்கு ஏறிப் பார்ப்பது ஒரு பயணத்துக்கு ஒரு தடவை போதும், அதை முதல் நாளே செய்யுங்கள். வரைபடத்தில் பார்த்த கொத்துகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்ணில் பதிந்துவிடும், அடுத்த நாள் வழி கேட்க வேண்டியதில்லை. சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது மேலே இருந்தால் பகலும் கிடைக்கும், விளக்கேற்றுகிற நேரமும் கிடைக்கும். ஊரின் மிகப் பிரபலமான கட்டடத்தில் ஏறினால் அந்தக் கட்டடம் மட்டும் தெரியாது என்பதை மறந்துவிடாதீர்கள். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் ராக்கஃபெல்லர் மையத்தின் உச்சிக்குத்தான் போக வேண்டும்.

நால்வரோ மூவரோ, குடும்பமாகப் போகிறவர்கள் பிரியவே கூடாது என்று ஒரு விரதம் வைத்திருப்பார்கள். அதை விட்டுவிடுங்கள். இரண்டாம் நாள் மதியம் இரண்டு மணி நேரம் அம்மா அறையில் படுக்கட்டும், அல்லது நல்ல நிழலில் ஓரிடத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கட்டும். நீங்களும் மகனும் படி ஏற வேண்டிய இடத்துக்குப் போய்வாருங்கள். பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் கேட்டால் சக்கர நாற்காலி தருவார்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், வீட்டில் நன்றாக நடக்கிறவர்களுக்கும் அங்கே அது தேவைப்படும். மகனிடம் வரைபடத்தைக் கொடுத்து வழிகாட்டச் சொல்லுங்கள். ஒருமுறை தப்பாகக் கூட்டிக்கொண்டு போவான். அந்தத் தெருவைத்தான் அவன் ஊரெல்லாம் சொல்வான்.

சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்னே பின்னே நகர்த்துங்கள். எல்லோரும் சாப்பிடும்போது நீங்கள் உள்ளே பாருங்கள், எல்லோரும் வரிசையில் நிற்கும்போது நீங்கள் சாப்பிடுங்கள். பெரிய இடத்தின் வாசலுக்கு நேரெதிரே இருக்கும் கடையைத் தவிர்த்து இரண்டு தெரு உள்ளே போனால் தரமும் விலையும் மாறும். செருப்போ ஷூவோ, பயணத்துக்கென்று புதிதாக வாங்கியதைப் போடாதீர்கள். கடைசி நாள் அறையைக் காலி செய்த பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். விடுதியிலேயே வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் பெரிய ரயில் நிலையங்களில் பெட்டகம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். சில அருங்காட்சியகங்களில் பெரிய பெட்டியோடு உள்ளேயே விடமாட்டார்கள்.

வாசலில் யாராவது வந்து, “இன்றைக்கு மூடியிருக்கிறது, நான் வேறு நல்ல இடத்துக்குக் கூட்டிப் போகிறேன்” என்று சொன்னால் நம்பாதீர்கள். பாங்காக் அரண்மனைப் பக்கம் இது மிகப் பழைய வித்தை. கடைசியில் ஒரு நகைக்கடையிலோ தையல்கடையிலோ கொண்டுபோய் நிறுத்துவார்கள். டிக்கெட் கொடுக்கும் இடம்வரை போய் நீங்களே பாருங்கள். வழிபாட்டு இடங்களுக்குள் போவதாக இருந்தால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வாடிகனின் பெரிய தேவாலய வாசலிலேயே இதற்காகத் திருப்பி அனுப்புவார்கள். நீல மசூதி தொழுகை நேரங்களில் வெளியாருக்குக் கிடையாது, அதனால் நேரத்தை அன்று காலை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு மேற்காக நீண்ட விமானப் பயணம் என்றால் உடம்பின் கடிகாரம் சரியாவதற்கு நேர வித்தியாசத்தில் ஒரு மணிக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். உங்களுக்கு இருப்பதே இரண்டு நாள், ஆகவே சரிசெய்யப் பார்க்காதீர்கள், பயன்படுத்திக்கொள்ளுங்கள். மேற்கே போனால் விடிகாலை நான்கு மணிக்கே தூக்கம் கலைந்துவிடும். புரண்டு படுக்காமல் எழுந்து வெளியே போங்கள். கிழக்கே போனால் இரவு நெடுநேரம் தூக்கம் வராது. இரவு வரை திறந்திருக்கும் அருங்காட்சியகமும் விளக்கு வெளிச்சத்தில் பாலமும் அப்போது உங்களுக்காகவே இருக்கும்.

விடிகாலைக்கு மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. சதுக்கம், பாலம், நீரூற்று, ஆற்றங்கரை, பழைய தெரு இவற்றுக்குப் பெரும்பாலும் கதவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. இவற்றைப் பகல் பதினொரு மணிக்குப் பார்ப்பது உங்கள் எட்டரை மணி நேரத்திலிருந்து செலவு. காலை ஆறு மணிக்குப் பார்த்தால் கையிருப்பில் கைவைக்கவே தேவையில்லை. காலையில் ஒன்றரை மணி நேரம் நடந்துவிட்டு வந்தால், அம்மாவும் மகனும் எழுந்து தயாராகியிருப்பார்கள்.

ட்ரெவி நீரூற்றை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை மாலை ஐந்து மணி. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, தண்ணீர் தெரியவில்லை, ஆறு வரிசைத் தலைகளுக்குப் பின்னால் நின்றேன். மறுநாள் காலை ஆறரைக்குப் போனபோது தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பேர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, நீளமான துடைப்பத்தால் நாணயங்களை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காசு ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். தள்ளத் தள்ளச் சல்லி உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். வேடிக்கை பார்க்க என்னோடு சேர்த்து நான்கு பேர் இருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து யாரோ எங்கேயோ ஒரு குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் திரும்ப வந்தது.